சுரைக்குடுக்கையிற் குருவிக் குஞ்சுகளைக் காத்தல்

முற்றிக் காய்ந்த சுரைக்காயைக் குடைந்து தாழ்வாரத்திலே கட்டிவிட்டாற் சிட்டுக்குருவி வந்து குடியேறும் என்பதைக் கமக்காரர் பலர் அறிவர். தென்னிலங்கையிலே சிங்கள மக்கள் இதன்பொருட்டுத் துளையிட்ட மண்முட்டிகளை வீட்டிறப்பிலே தொங்கவிடுவதுண்டு. குருவி குடியிருக்கும் வீட்டில் நன்மை பெருகும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆனாற் குடுக்கையைக் கட்டியவுடன் நமது வேலை முடிந்துவிடுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு சிறகு முற்றிப் பறப்பதற்கு ஏறக்குறைய 15 நாட்கள் செல்லும். அந்நாட்களிலே வெயில், எறும்பு, அணில், பூனை, பாம்பு, நைலோன் நூல், தோட்டத்து நஞ்சு ஆகிய ஏதேனும் ஒன்று கூட்டையே அழித்துவிடக்கூடும். காவலின்றித் தொங்கும் குடுக்கை குருவிக்கு நாம் வைத்த பொறியாகவே முடியும்.

காங்கேசன்துறைப் பகுதிக் கமக்காரருக்கு இதனை எடுத்துச் சொல்வதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறை, மயிலிட்டி முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வூர்களின் பெரும்பகுதி ஆளரவமின்றிக் கிடந்தது. சிட்டுக்குருவியோ மனிதரை அண்டி வாழும் பறவை. அடுப்பு எரியும் வீட்டையும், அரிசி புடைக்கும் முற்றத்தையும், மாடு கட்டும் கொட்டிலையும் அது நாடும். மனிதர் நீங்கிய ஊரிலே அது நெடுங்காலம் நிலைப்பதில்லை. மக்கள் பகுதி பகுதியாகத் திரும்பிவந்து வீடுகளைக் கட்டியபொழுது, பழைய ஓட்டு வீட்டிலே கைமரமும் சுவரும் சந்திக்குமிடத்தில் இருந்த இடுக்கும், கிடுகுக் கூரையின் பொந்தும் புதிய வீடுகளில் அமையவில்லை. சீமெந்துத் தட்டுக் கூரையிலே குருவி எங்கே கூடு கட்டும்? ஆதலால், திரும்பிவரும் குருவிக்கு இடம் கொடுக்க விரும்புவோர் அவ்விடத்தைத் தாமே செய்துகொடுத்தல் வேண்டும்.

நெல்லைத் தின்னும் குருவிக்கு வீடு எதற்கு?

இவ்வினாவைக் கமக்காரர் கேட்பது நியாயமே. வளர்ந்த குருவி தானியந் தின்னும். தை, மாசி மாதங்களிலே கதிர் முற்றும்பொழுது வீட்டையடுத்த வயலின் ஓரத்திலே சிறிது நட்டம் உண்டாகும். இதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. ஆனால் அதே குருவி தன் குஞ்சுக்குத் தானியத்தை ஊட்டுவதில்லை என்றே சொல்லலாம். முதற் சில நாட்களில் அழுக்கணவன் போன்ற மென்மையான சிறு பூச்சிகளையும் இளம் புழுக்களையும், பின்னர் வண்டு, வெட்டுக்கிளி, பெரிய புழுக்கள் ஆகியவற்றையும் அது கொண்டுவந்து ஊட்டும். கோவாத் தோட்டத்தையும் பயற்றங்கொடியையும் அடுத்த வளவிலே குருவி காலை முதல் மாலை வரை ஓயாது போய்வருவதைக் கண்டோர் இதை அறிவர்.

குருவியை அழித்து நெல்லைக் காக்க முயன்ற நாடு ஒன்றின் வரலாறும் உண்டு. சீன தேசத்திலே 1958 இல் தொடங்கிய இயக்கமொன்றில் எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியும் பகையாகக் கொள்ளப்பட்டது. நம் நாட்டுக் குருவிக்கு நெருங்கிய உறவான மரச்சிட்டே அங்கு மிகுதி. மக்கள் தகரத்தைத் தட்டி, அது எங்கும் அமர்ந்து இளைப்பாறாதவாறு துரத்தி, இலட்சக்கணக்கில் அதை மாய்த்தனர். பயிர்ப்பூச்சிகள் பெருகின. பறவை நூலார் குருவியின் இரைப்பையை ஆராய்ந்து, அது பூச்சிகளையும் பெருமளவிலே தின்பதை எடுத்துக்காட்டினர். 1960 இல் குருவியின் பெயர் நீக்கப்பட்டு மூட்டைப்பூச்சியின் பெயர் சேர்க்கப்பட்டது. அந்நாட்டில் அக்காலத்தே நேர்ந்த பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவியை இழந்ததும் அவற்றுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது.

இதனாற் குருவியை நம்பிப் பூச்சி கட்டுப்பாட்டைக் கைவிடுக என்று நான் சொல்லவில்லை. கத்தரிக்காயின் உள்ளே குடையும் புழுவைக் குருவியால் எடுக்க இயலாது. ஓரிரு கூடுகள் ஒரு தோட்டத்தைக் காத்துவிடா. கதிர் முற்றும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஓரத்து வரம்பிலே மினுங்கும் நாடாக் கட்டிக் காவல் செய்துகொண்டு, ஏனைய மாதங்களிற் குருவியின் உதவியைப் பெறுவதே தக்கது.

அமெரிக்க நாட்டுச் சுரைக்குடுக்கைகள்

சுரைக்குடுக்கையிற் பறவை வளர்க்கும் வழக்கம் வட அமெரிக்காவிலே மிகப் பழையது. அந்நாட்டின் பூர்வ குடிகளான சொக்டோ, சிக்கசோ மக்கள் தம் குடிசைக்கு அருகே இளமரமொன்றின் கிளைகளைத் தறித்து, எஞ்சிய கவர்களிற் குடைந்த சுரைக்காய்களைத் தொங்கவிட்டதை அலெக்சாந்தர் வில்சன் என்னும் பறவை நூலார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுதிவைத்தார். அக்குடுக்கைகளிற் குடியேறியது பர்ப்பிள் மார்ட்டின் என்னும் கருநீல நிறப் பறவை. தகைவிலான் இனத்தைச் சேர்ந்தது. இன்று அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் இப்பறவை ஏறக்குறைய முழுவதும் மனிதர் கட்டிக்கொடுக்கும் கூடுகளையே நம்பியிருக்கின்றது. ஆகவே அங்குள்ளோர் குடுக்கையைக் கட்டுவதோடு நில்லாமல், வாரந்தோறும் திறந்து பார்த்து, ஈரமான கூட்டை மாற்றி, தூணிலே பாம்பு ஏறாதவாறு தடை வைத்து, குஞ்சுகளின் கணக்கையும் எழுதி வருகின்றனர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அங்கே அப்பறவையின் பெரும்பகைகளுள் ஒன்று நமது சிட்டுக்குருவியே. 1850 களில் நியூயோர்க்கை அடுத்த புரூக்ளினிலே கொண்டுபோய் விடப்பட்ட குருவிகள் பெருகிப் பரவி, மார்ட்டினின் குடுக்கைகளைக் கைப்பற்றி அதன் முட்டைகளைக் குத்தி உடைத்துவிடுகின்றன. பிறந்த மண்ணில் ஊரவனாக இருப்பது அயல்நாட்டிலே கொள்ளைக்காரனாகிவிட்டது! எனினும் அவர்கள் கைக்கொள்ளும் காவல் முறைகளிற் பெரும்பாலானவை நமக்கும் பொருந்துவன.

குடுக்கையை ஆயத்தஞ் செய்தல்

வயிறு 7 அல்லது 8 அங்குலம் அகலமுள்ள குண்டுச் சுரைக்காயைக் கொடியிலேயே முற்றவிடுக. தோல் பழுப்பு நிறமாகி, ஆட்டும்பொழுது விதை கலகலவென்று ஒலித்தால் அறுக்கலாம். பச்சையாக அறுத்ததை வெயிலில் இட்டாற் சுருங்கி அழுகும். மேற்றோலை நனைத்துச் சுரண்டி நன்றாக உலர்த்துக.

நுழைவாயில் 1¼ அங்குல விட்டமுள்ள வட்டமாக இருத்தல் வேண்டும். இவ்வளவே சிட்டுக்குருவிக்குப் போதும். மைனா நுழைய முடியாது. பலர் குருவிக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெரிய வாயில் வெட்டிவிடுகின்றனர். அது காகத்தின் அலகுக்கும் செண்பகத்தின் தலைக்குமே வசதியாகும். வாயிலின் கீழ்விளிம்பிலிருந்து குடுக்கையின் அடிவரை 5 அல்லது 6 அங்குல ஆழம் இருப்பின் வெளியிலிருந்து அலகை நீட்டுங் காகத்துக்குக் குஞ்சு எட்டாது. வாயிலின் கீழே அமருவதற்கென்று குச்சி செருகுவதும் தவறு. குருவிக்கு அது தேவையில்லை. அக்குச்சியிலே காகமே அமரும்.

அடியிலே நான்கு சிறு துளைகள் நீர் வடிவதற்கும், கழுத்தின் கீழே இரண்டு துளைகள் வெப்பக் காற்று வெளியேறுவதற்கும் இடுக. பின்புறத்திலே 3½ அங்குல அகலத்தில் ஒரு வாய் வெட்டி, அரைச் சிரட்டையால் மூடிக் கம்பியாற் கட்டுக. உட்புறத்தைப் பார்க்கவும் பழைய கூட்டை அகற்றவும் இவ்வாய் இன்றியமையாதது. இதனை வெட்டாத குடுக்கையிலே குஞ்சுக்கு என்ன நேர்ந்தாலும் நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

வெளிப்புறம் முழுவதும் இரண்டு முறை வெள்ளையடித்தல் வேண்டும். இதனை நான் அனுபவத்தால் அறிந்தேன். நான் முதன்முதலாகக் கட்டிய குடுக்கை தகரக் கூரையின் கீழே மேற்குச் சுவரிலே தொங்கியது, வெள்ளையும் அடிக்கவில்லை. சித்திரை மாதத்திலே மூன்று குஞ்சுகள் இருந்தன. பிற்பகலில் அவை வாயிலிலே தலையை நீட்டி வாயைத் திறந்தபடி இருந்ததைக் கண்டு, இரைக்காகக் காத்திருக்கின்றன என்று எண்ணினேன். வெப்பந் தாங்காது மூச்சு வாங்கியிருக்கின்றன. மறுநாட் காலை மூன்றும் இறந்து கிடந்தன. பாம்பையும் பூனையையும் பற்றியே எண்ணியிருந்த எனக்குச் சுவரின் திசை நினைவுக்கு வரவில்லை.

கட்டும் இடம்

நமது கரையோர ஊர்களிலே மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவந்து வீசும். வைகாசி முதற் சோளகம் தென்மேற்கிலிருந்து புழுதியோடு அடிக்கும். மேற்குப் பக்கத்திலே பிற்பகல் வெயில் கடுமையானது. இம்மூன்றையும் கருதும்பொழுது வாயில் தென்கிழக்கை நோக்கியிருப்பதே நலம். ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழே, நிலத்திலிருந்து 8 முதல் 10 அடி உயரத்திலே கட்டுக. தகரக் கூரையாயின் குடுக்கைக்கும் தகரத்துக்குமிடையே ஓர் அடியேனும் வெளி விட்டு, மேலே கிடுகுத் துண்டொன்றைக் கட்டிவிடுதல் வேண்டும். கழுத்தில் மட்டும் கட்டினாற் காற்றிற் சுழன்று முட்டை உருளும். வயிற்றிலும் ஒரு கட்டுப் போட்டு அசையாமல் நிறுத்துக. குருவி கூட்டமாக வாழ விரும்புவது. ஆகவே நாலைந்து அடி இடைவெளியில் இரண்டு மூன்று குடுக்கைகள் கட்டுவது அது தங்குவதற்கு ஏதுவாகும்.

மதில், யன்னல் விளிம்பு, கிணற்றுத் துலாத்தூண் ஆகியவற்றிலிருந்து பூனை பாயக்கூடிய தூரத்திற் கட்டலாகாது. வளவிலே தூண் நாட்டிக் கட்டுவோர், தென்னையில் எலி ஏறாதிருக்கத் தகரஞ் சுற்றுவதுபோல 2 அடி அகலத் தகரத்தைத் தூணைச் சுற்றி வழவழப்பாக அடித்துவிடுக. அதனைத் தாண்டிச் சாரைப்பாம்பு ஏறுவது அரிது. சிலர் தூணிலே கிறீஸ் பூசுகின்றனர். வெயிலில் அது உருகிக் காய்ந்துவிடுவதோடு குருவியின் இறகிலும் ஒட்டும். வலையைச் சுற்றிப் பாம்பைச் சிக்கவைத்துக் கொல்வதும் வேண்டாம். சாரைப்பாம்பு வயலெலியைத் தின்பது. அது குடுக்கைக்கு ஏறாமற் செய்தாற் போதும்.

அணில் வேறு விதமான பகை. அது முட்டையையும் இளங்குஞ்சையும் தின்னும்; சுரையோடு மென்மையானதாகையால் வாயிலைக் கொறித்துப் பெரிதாக்கியும் விடும். வாயிலைச் சுற்றித் தகர வளையமொன்றைப் பதித்து, அதன் விளிம்பு குருவியின் காலை வெட்டாதவாறு மடித்துவிடுக.

குஞ்சு பொரித்த நாளிலே சிற்றெறும்பும் முசுறும் வரும். ஓர் இரவில் ஒரு கூட்டையே முடித்துவிடும். உணவலுமாரியின் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வைப்பது நமது வீடுகளின் வழக்கம். அவ்வாறே கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் குடுக்கைக்கு, கம்பியின் நடுவே சிறு சிரட்டையொன்றைக் கோத்து, துளையை மெழுகால் அடைத்து, சிறிது தேங்காயெண்ணெய் வார்த்துவிடலாம். நீர் வார்த்தால் டெங்கு நுளம்பு பெருகும். ஆகையால் எண்ணெயே தக்கது. வயிற்றுக் கட்டுங் கிடையாகச் சுவருக்குப் போகுமாயின் எறும்பு அவ்வழியாக வரும்; அக்கட்டின்மேலும் எண்ணெய்த் துணியொன்றைச் சுற்றி அடிக்கடி நனைத்துவிடுக.

மீன்பிடித் துறைகளை அடுத்த நமது ஊர்களிலே இன்னொரு தீங்கு உண்டு. அதனை அதிகம் பேர் கவனிப்பதில்லை. குருவி கூட்டுக்கு மெத்தையிடுவதற்கு நூல்களைத் தேடும். வலை பொத்தும் இடத்தில் விழுந்த தங்கூசித் துண்டும், நைலோன் நூலும், உரப்பையிலிருந்து பிரியும் நாரும் அதற்கு எளிதிற் கிடைக்கின்றன. அவை குஞ்சின் காலிலே சுற்றிக்கொள்ளும். குஞ்சு பருக்கப் பருக்க நூல் இறுகும். ஏனைய குஞ்சுகள் பறந்துபோக, அது மட்டும் வாயிலிலே தலைகீழாகத் தொங்கி இறக்கும். ஆகவே இத்துண்டுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துக. அவற்றுக்கு ஈடாக உலர்ந்த புல்லையும் கோழியிறகையும், விரல் நீளத்துக்கு வெட்டிய தேங்காய்த் தும்பையும் வேலியோரத்தில் இட்டால் குருவி அவற்றை எடுத்துச் செல்லும்.

கூட்டைப் பார்வையிடல்

மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய்க்குருவி சேர்க்காது என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. அமெரிக்காவிலே மார்ட்டின் வளர்ப்போர் குஞ்சுகளைக் கையிலெடுத்து எண்ணி மீண்டும் வைக்கின்றனர். தாயும் தந்தையும் சிறிது நேரத்தில் இரையோடு வந்துவிடும். நமது குருவியும் அவ்வாறே. ஆனாற் காலமறிந்து பார்த்தல் வேண்டும்.

குருவி பொதுவாக 3 முதல் 5 முட்டைகள் இடும். அடைகாக்கும் காலம் 11 முதல் 14 நாட்கள். இக்காலத்திலே அடிக்கடி தொந்தரவு செய்யலாகாது. தாய் வெளியே போயிருக்கும் வேளையில் ஒருமுறை பார்த்து நாளைக் குறித்துக்கொண்டாற் போதும். பொரித்தபின் மூன்றாம் நாளிலும் எட்டாம் நாளிலும் காலை வேளையிற் சிரட்டையைத் திறந்து பார்க்கலாம். 12 ஆம் நாளுக்குப் பின்னர் எக்காரணங் கொண்டும் திறவாதீர்கள். அரைகுறையாக இறகு முளைத்த குஞ்சுகள் அஞ்சி வெளியே பாய்ந்துவிடும்; பின்னர் அவற்றைக் கூட்டில் இருத்துவது கடினம்.

திறக்கும்பொழுது கூடு உலர்ந்திருக்கின்றதா, காலில் நூல் சுற்றியிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையைக் கூட்டின்மேற் சிறிது நேரம் வைத்தால், பேன் மிகுந்திருப்பின் மிளகாய்த்தூள் போன்ற சிறு பூச்சிகள் கையில் ஏறும். இவை இளங்குஞ்சின் இரத்தத்தைக் குடித்து அதனைச் சோரச் செய்யும். அவ்வாறாயின் குஞ்சுகளைத் துணி விரித்த சுளகொன்றில் நிழலில் வைத்து, பழைய கூட்டை முழுவதும் அகற்றி எரித்து, குடுக்கையைத் தட்டித் துடைத்து, உலர்ந்த வைக்கோலையும் தும்பையும் குழியாக அமைத்து மீண்டும் குஞ்சுகளை வைக்கலாம். 10 நிமிடத்துள் முடித்துவிடுக. பேனுக்கென்று பூச்சிகொல்லித் தூள் எதனையும் கூட்டில் இடலாகாது. வேண்டுமாயின் சில வேப்பிலைகளை அடியிலே பரப்பலாம். கல்கத்தாவிலே சிட்டுக்குருவிகள் தாமாகவே வேப்பிலையைக் கொண்டுவந்து கூட்டிலிடுவதை 1981 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது.

கீழே விழுந்து கிடக்கும் குஞ்சு இறகில்லாததாயின் உடனே எடுத்துக் கூட்டில் வைக்க வேண்டும். கூடு அழிந்துபோயின் வேறொரு குடுக்கையை அதே இடத்திற் கட்டிக் குஞ்சை அதில் வைத்தால், குரல் கேட்டுப் பெற்றோர் வரும். இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சைத் தாழ்ந்த செடியொன்றில் ஏற்றிவிட்டுப் பூனையைக் கட்டிவைத்தாற் போதும். பாலையும் பாணையும் வாயில் ஊட்டிப் பிள்ளைகள் செய்யும் அன்பினாலே பல குஞ்சுகள் இறக்கின்றன.

மருந்து தெளித்தல்

மேலே சொன்ன காவல்கள் அனைத்தையும் ஒருநாள் தெளிகருவி வீணாக்கிவிடும். குருவி தன் குஞ்சுக்கு இரை தேடுவது பெரும்பாலும் வளவையடுத்த தோட்டத்திலேயே. மருந்து பட்டுத் தளர்ந்த புழு எளிதில் அகப்படுமாகையால் அதனையே முதலில் எடுக்கும். ஆர்ஜென்ரீனாவிலே 1995–96 பருவகாலத்தில் மொனோகுரோட்டோபொஸ் தெளித்த வயல்களில் வெட்டுக்கிளிகளைத் தின்ற ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் இறந்தன. இலங்கையில் அம்மருந்து 1995 இல் தடைசெய்யப்பட்டது. இன்று விற்கப்படுவன அத்துணைக் கொடியன அல்ல எனினும், பருந்தைவிடச் சிறிய குருவிக்கும் அதனினும் சிறிய குஞ்சுக்கும் சிறிதளவே போதும். நஞ்சாற் சாகாத குஞ்சு, தோட்டத்திற் பூச்சி முழுவதும் அழிந்தபின் பசியாற் சாகும்.

ஆதலாற் குஞ்சு பொரித்த நாளைக் குறித்துவைத்து, அதிலிருந்து 15 நாட்களுக்கு வீட்டையடுத்த பாத்திகளிலே தெளிப்பதைத் தவிர்க்க முயல்க. கத்தரியில் வாடிய குருத்தை வெட்டி எரித்தல், கோவாவில் இலையடியிலுள்ள முட்டைக் கூட்டத்தை நசுக்குதல் ஆகியன சில பரப்பு அளவான தோட்டத்துக்குக் கைவேலையாகச் செய்யக்கூடியனவே. தெளித்தே தீரவேண்டுமாயின் பூச்சி கண்ட வரிசைக்கு மட்டும் வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். தெளிகருவி கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். குருவி அங்கேதான் நீர் குடிக்கும். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தினூடே அந்நீர் கிணற்றுக்கும் இறங்கும். மருந்தூட்டிய விதை சிந்தினால் மண்ணால் மூடிவிடுக.

குஞ்சுகள் பறந்தபின் ஒரு வாரம் விட்டுக் குடுக்கையைத் திறந்து, பழைய கூட்டை எடுத்து எரித்து, கொதிநீரால் அலம்பி வெயிலில் உலர்த்தி மீண்டும் அதே இடத்திற் கட்டுக. அதே சோடி மறுமுறையும் முட்டையிட வருவதுண்டு. மாரி தொடங்குமுன் வெள்ளையடித்தலைப் புதுப்பித்துக் கட்டுகளையும் பார்த்துவைத்தல் வேண்டும். ஓடு வெடித்த குடுக்கையை மாற்றிவிடுக. குடையும்பொழுது கிடைக்கும் விதைகளிற் பருத்தனவற்றைச் சாம்பலிற் புரட்டி எடுத்துவைத்தால், ஐப்பசி மழையோடு பந்தலடியில் ஊன்றலாம்.